நாலு நிமிஷம் பதினோரு விநாடி

வாயை ஆவென்று திறந்து, பல் டாக்டரம்மாவின் இரண்டு விரல்களும் ஒரு உறிஞ்சு குழாயும் உள்ளே போன பிறகுதான் அந்த இசை காதில் விழுந்தது. நான் வாசித்தது.

என் மூன்றாவது ஆல்பம். ராக். பாடகர் கிடையாது, பாடல் வரி கிடையாது, முழுக்க கிதார்தான்.

"அது என்னோடது" என்று சொன்னேன். "ஆ ஆ ஆ" என்று வெளியே வந்தது.

டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டார்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் வரவேற்பில் நர்ஸ் படிவம் நிரப்பும்போது, தொழில் கிதார் வாசிப்பது என்று சொல்லியிருந்தேன். "அது சரி, வேலை?" என்றார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, 'சொந்தத் தொழில்' என்று அவராகவே எழுதிக்கொண்டார். எனக்கொன்றும் வருத்தமில்லை. என் மாமனார் இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கழுத்தைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டினேன். அலமாரியில் சிடி பிளேயர். பக்கத்தில் என் மூன்று ஆல்பங்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, நர்ஸின் கையெழுத்து.

அக்கூஸ்டிக் ஆல்பத்தின் மேல் 'பல் சுத்தம்'.

ஜாஸ் ஃப்யூஷன் மேல் 'வேர் சிகிச்சை'. எங்கே போகிறது, எப்போது முடியும் என்று உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. பொருத்தம்தான்.

ராக் மேல் 'பிடுங்கல்'.

ஒரு இடத்தில் நிலைக்காத ஆள் என்று பத்திரிகைக்காரர்கள் என்னைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இந்த டாக்டரம்மா மூன்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். மேடைப் பெயரும் கிதார் படமும் மட்டும் இருக்கிற அட்டை என்பதால், ஆள் கீழே படுத்துக் கிடப்பது அவருக்குத் தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நாலு நிமிஷம் பதினோரு விநாடி.

இப்போது ஓடுகிற ஆல்பத்தில், கம்பியை வளைத்து மேலே ஏற்ற வேண்டிய சுரம் அது. ஏறுவதற்குள் விரல் வழுக்கிவிட்டது. ஸ்டூடியோவில் அடுத்த ஆள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான், திருத்த நேரமில்லை. ஒரு விமர்சகரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நாலாவது நிமிஷம் வரை யாரும் போகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பத்தொன்பது வருடமாக அந்த இடம் என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

ஆல்பம் இப்போது மறுபடி வருகிறது. இன்று காலைதான் சவுண்ட் என்ஜினியர் தகவல் அனுப்பியிருந்தான். அந்த சுரத்தைக் கம்ப்யூட்டரில் சரி செய்துவிட்டானாம். நான் 'சரி' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் சாயங்காலம் அச்சுக்குப் போய்விடும். பல்லை எடுத்துவிட்டு நிம்மதியாக அனுப்பலாம் என்று போனைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா இடுக்கியால் பல்லைக் கவ்விப் பிடித்தார். இழுக்கவில்லை. தலையைச் சாய்த்து எதற்கோ காத்திருந்தார்.

மூணு ஐம்பத்தைந்து. நாலு. நாலு ஐந்து. எனக்கு உடம்பே விறைத்துவிட்டது. தாடை தானாக இறுகியது.

அந்த சுரம் வந்தது. அவர் இழுத்தார். சடக்கென்று பல்லின் பாதி மட்டும் இடுக்கியோடு வந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது.

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். அவமானப்பட்ட முகம்.

"பதினாலு வருஷமா இந்த இடத்துலதான் இழுக்கறேன். அங்க ஒரு சுரம் தப்பா விழும். எல்லாரும் ஒரு நொடி 'என்னடா இது'ன்னு பல்லை மறந்து அதைக் கேப்பாங்க, தாடை தளர்ந்துடும், பல்லு பூ மாதிரி வந்துடும். நீங்க மட்டும் எப்படி சார் அது வர்றதுக்கு முன்னாடியே கடிக்கறீங்க?"

காரணத்தைச் சொன்னாலும் ஆ ஆ ஆதான்.

நர்ஸ் சிடியை முதலிலிருந்து போட்டார். இன்னும் நாலு நிமிஷம்.

எனக்கு முன்னால் உள்ளே போன லாரி டிரைவரை நினைத்துக்கொண்டேன். போகும்போது வியர்த்து ஊற்றியது மனுஷனுக்கு. திரும்பும்போது பஞ்சைக் கடித்தபடி எல்லாருக்கும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். பதினாலு வருடத்தில் இப்படி எத்தனை பேர். என் கச்சேரியில் முன்வரிசையே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே இத்தனை பேர் ஒரு சுரத்தை உடம்பால் கேட்டிருக்கிறார்கள். என்னை ஒழுங்காகக் கேட்டவர்கள் இவர்கள்தான். அவர்கள் கேட்டதோ அந்தத் தப்பான ஒரு சுரத்தைத்தான். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

ணங்.

எதிரே தட்டில் வேர் கிடந்தது.

நாலு பதினொன்று எப்போது போனது என்றே தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அது என் காதில் விழவில்லை.

டாக்டரம்மா பஞ்சைத் திணித்து அழுத்திக் கடிக்கச் சொன்னார். "சிடி கீறல் விழுந்து போச்சு. இந்த ஆல்பம் திரும்ப வருதாம், கடையில சொல்லி வெச்சிருக்கேன். அந்த மனுஷன் அங்க வேணும்னேதான் அப்படி வாசிச்சிருப்பார், இல்ல சார்?"

வாய் நிறையப் பஞ்சு. ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினேன்.

வெளியே வந்து என்ஜினியருக்கு அனுப்பினேன்: 'பழையபடியே இருக்கட்டும்.'

உடனே பதில் வந்தது: 'சார், அந்தத் தப்பு?'

'அது வேலைக்குப் போயிட்டிருக்கு' என்று அனுப்பினேன்.