பாஸ்க் மொழியில் தண்ணீர்

யார் கெஞ்சினாலும் சரி, தண்ணீர் லாரி டிரைவர் வேம்புலி காலை ஏழு மணியானால் குழாயை மூடிவிடுவான். அடுத்த லாரி நாளை மறுநாள்தான்.

அப்படிப்பட்டவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏழடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது, நூலகர் கங்காதரன் மொழியாராய்ச்சி நடத்தினார்.

“ஸ்பெயின் பக்கம் பாஸ்க்னு ஒரு ஜனம் இருக்கு வேம்புலி. தண்ணியை ‘உர்’ம்பாங்க. சமஸ்கிருதத்துல ‘வாரி’. ரெண்டும் ஒரே வேரா இருக்குமோ?”

ரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய மூன்று டிரம்மும் நிரம்பியாயிற்று. சேக்காட்டுத் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரிக்குப் பின்னால் அவள் ஸ்கூட்டி மாட்டியிருந்தது. இந்த ஆளோ வீட்டில் போர் தண்ணீர் வைத்திருப்பவர். கையில் ஒரு சொம்புகூட இல்லை. வாய் மட்டும் எட்டு முழம்!

வேம்புலி சிரித்தான். “இன்னா நைனா, சத்தம் ஒத்துப்போனா சொந்தமாயிடுமா? பட்டாபிராம்ல இன்னொரு வேம்புலி கீறான். அவன் இன்னா எனக்கு அண்ணனா?”

“எப்படி இல்லேங்கறே? உங்க தாத்தா பட்டாபிராம் பக்கம் போனதே இல்லையா?”

அவ்வளவுதான். வேம்புலி குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டினான்.

“யோவ்! எங்க தாத்தா தெருமுனை தாண்டுனாலே ஆயா வெறகுக்கட்டைய எத்துகினு நிக்கும்! தெரியுமா உனக்கு?”

தாத்தா கதை ஓடியது. மணி ஏழைத் தாண்டி எட்டு நிமிஷம்.

“இன்னும் யாருக்காக நிக்கறே? கிளம்புப்பா!” ரேகா கத்தினாள்.

வரிசையில் மிச்சம் இருந்தவை இரண்டு பச்சைக் குடங்கள்தாம். சொந்தக்காரர் வந்து நிற்காத குடத்துக்குத் தண்ணீர் கிடையாது. போன மாதம் தெருக்கூட்டத்தில் ரேகாவே போட்ட சட்டம் அது.

தாத்தா மூன்றாவது கல்யாணத்துக்குத் தயாரானபோது, தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்றது. நைட் ஷிப்ட் முடிந்த தாட்சாயிணி, கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆட ஓடிவந்தாள். பச்சைக் குடங்கள் இரண்டும் நிரம்பின.

கங்காதரன் பாஸ்க்கை அப்படியே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

“என்ன சார், உர்ருக்கும் வாரிக்கும் உறவு உண்டா இல்லையா? சொல்லாமலே போறீங்க?” ரேகா உதட்டைச் சுழித்தாள்.

“படிச்சவங்களே அடிச்சுக்கறாங்கம்மா. எனக்கென்ன தெரியும்?”

“அப்போ அடுத்த லாரிக்கு எந்த பாஷை?”

“கம்பெனி வேன் சீக்கிரம் வந்துட்டா, எந்த பாஷையும் வேணாம்மா.”