ஆமை சேர்த்த வரி

விலங்குகள் சேர்ந்து இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் எழுதிவந்தன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். புதிதாக வந்த ஆமை, "கோடையில் ஏரியின் மேற்குக் கரையில்தான் தண்ணீர் நிற்கும்" என்று ஒரு வரி சேர்த்தது. சான்று இல்லை என்று கொக்கு உடனே அதை அழித்துவிட்டது.

"இது எனக்கு ஒத்துவராது," என்று ஆமை கிளம்பியது. அந்த மாதத்தில் இப்படிக் கிளம்பியவர்களில் அது நான்காவது. மற்ற மூவரையும் போகவிட்ட மரங்கொத்தி, இந்த முறை வழியை மறித்து நின்றது.

"நீங்க எழுதினது தப்பில்லைங்க. எதுல படிச்சீங்கன்னு சேர்த்தாப் போதும்."

"நாரைங்க போட்ட ஏரி அறிக்கையில இருக்கு. நீயே எழுதிடேன்."

"மாட்டேன். நீங்கதான் எழுதணும். நான் பக்கத்துலயே இருக்கேன்."

ஆமை எதையோ அழுத்த, பக்கம் முழுவதும் காணாமல் போனது. மரங்கொத்தி பதறாமல், பழைய பதிப்பை மீட்கும் வழியைக் காட்டியது. பொழுது சாய்வதற்குள் அந்த வரி சான்றோடு ஏறிவிட்டது.

கொக்கு வந்து படித்தது. இந்த முறை அழிக்கவில்லை. ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டுப் போனது.

ஆமை கழுத்தை நீட்டி அதைப் பார்த்தது. பிறகு கொக்கு எழுதிய பக்கமொன்றைத் திறந்து, "இதுலயும் ஒரு பிழை இருக்கே," என்று வசதியாக உட்கார்ந்துகொண்டது.