ஸ்பீக்கர் மேல் கூடு கட்டிய புறா

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஒன்றை மாற்றிச் சொன்னாலும் டிஜே குரங்கு விடமாட்டான், திருத்த வந்துவிடுவான்.

கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் மேல் கூடு கட்டியது என் தப்புதான். இரண்டு முட்டை இட்ட பிறகுதான் குரங்கு அங்கே ஒத்திகைக்கு வந்தான்.

"புறாக்கா, எலக்ட்ரானிக் இசை பிடிக்குமா, ராக் பிடிக்குமா?"

ராக் என்றால் கிட்டார்தானே, ஸ்பீக்கர் பெட்டி அவ்வளவாக அதிராது என்று நினைத்து, "ராக்" என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் ஒரு இசையா? எலக்ட்ரானிக்ல பேஸ் சத்தம் தும் தும்னு எப்படி இறங்குதுன்னு கேளுங்க!"

போட்டான். முட்டைகள் கூட்டின் விளிம்புவரை உருண்டன.

மறுநாள் "எலக்ட்ரானிக்தான் தம்பி" என்றேன். "அப்படிச் சொல்லுங்க!" என்று சந்தோஷத்தில் இன்னும் சத்தமாகப் போட்டான். கீழே விழப்போன முட்டையைச் சிறகால் தடுத்தேன்.

அதற்கடுத்த நாள் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியாதா? அப்ப முதல்லேருந்து வருவோம்" என்று முப்பது இசைத்தட்டுகளை அடுக்கினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி, நீங்க சொல்றது எவ்வளவு நல்லா இருக்கு! நடுவுல இந்தப் பாட்டு வந்துதான் கெடுக்குது."

குரங்கு சட்டென்று ஸ்விட்சை அணைத்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

இன்றோடு பன்னிரண்டு நாள். இன்னும் முதல் தட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். நான் முட்டைகளின் மேல் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.