சவரிமுத்துவின் தோளில் மரப்பாசி

சத்தியமாக, கண் காது மூக்கு வைக்காமல் சொன்னால், நடந்தது இதுதான். வால்பாறையில் பிலோமினாவின் வீட்டை இடிக்க ஓட்டுநரில்லாத இயந்திரம் வந்து நின்ற காலையில், வாசலில் உட்கார்ந்தே பழகிய அவள் கணவன் சவரிமுத்துவின் தோளில், அழிந்துகொண்டிருக்கும் அரிய மரப்பாசி பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. வனத்துறை அதிகாரி ஓடிவந்து அவர் கழுத்தில் எண் தகடு மாட்டினார்.

“இந்தப் பாசி எதுல வளர்ந்தாலும் சட்டப்படி அது மரம்தாம்மா. இவரை வெட்டக் கூடாது, இடம் மாத்தக் கூடாது, பக்கத்துல இருக்கிற வீட்டையும் தொடக் கூடாது.”

“கல்யாணமான நாள்லருந்து இவரு மரம்தான்னு கத்துறேன், சர்க்காருக்கு இப்பத்தான் காது கேட்டுச்சா சார்!” என்று பிலோமினா சிரித்தாள்.

இயந்திரம் சவரிமுத்துவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது. தெருவே பாயசம் குடித்தது. அசையக் கூடாதென்பதால் சவரிமுத்துவுக்கு அவளே ஊட்டிவிட்டாள்.

பிலோமினாவின் தம்பிக்குப் பொள்ளாச்சியில் பிளாஸ்டிக் செடிகொடி விற்கும் கடை இருக்கிறது.