உறைக்குள் இருந்த கை

பூரணத்தின் வயிற்றை அழுத்திப் பார்த்தது அவள் கணவன் தவசியின் கைதான். ஆனால் அந்தக் கையை நகர்த்தியவர் மதுரையில் இருந்த டாக்டர். அவர் விரல்கள் அங்கே அசைந்த மாதிரியே, தவசி மாட்டியிருந்த கையுறை அவன் விரல்களை இங்கே அசைத்தது.

தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தவசி மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த நாளிலிருந்து பூரணம் அவனோடு பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

“டாக்டரம்மா, அந்த ஆளை மெல்ல அமுக்கச் சொல்லுங்க.”

“அமுக்குறது நான்தாம்மா. அவர் பாவம், சும்மா உக்காந்திருக்கார்.” திரையில் டாக்டர் சிரித்தார். “இங்க வலிக்குதா?”

“ஆமா.” பூரணத்துக்கு மூச்சு நின்றது. அவள் அக்காவை இதே இடத்தில் வந்த கட்டிதான் கொண்டுபோனது.

“கட்டியெல்லாம் இல்ல. பட்டினி கிடந்து வந்த புண்ணு. வேளைக்குச் சாப்பிடுங்க.”

திரை இருண்டது. டாக்டரோடு இருந்த தொடர்பு அறுந்து, உறையின் பச்சை விளக்கும் அணைந்தது. வயிற்றின் மேலிருந்த கை மட்டும் விலகவில்லை.

பூரணம் அணைந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

“டாக்டரம்மா, இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்க.”

கை மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது.