கழற்றிய கதவு

நியூயார்க், 1910. பெண்கள் துணி திருடிவிடுவார்களாம். அதனால் அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் எட்டாவது மாடிக் கதவு வேலை முடியும்வரை பூட்டியே கிடக்கும். பக்கத்துத் தெருவில் இப்படிப் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆறு பெண்கள் தீயில் கருகிச் செத்த மறுநாள், தையல்காரி ப்ரைனா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். கத்தரிக்கோல் முனையால் கதவின் கீல் திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள்.

மேஸ்திரி ஓடிவந்தார். "உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்!"

"கிழிச்சுக்கோங்க. முதல்ல கதவு இறங்கட்டும்."

அவள் நிறுத்தவில்லை. மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசித் திருகு கழன்று கதவு சாய்ந்தபோது, தாங்கிப் பிடிக்க நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். யாரும் அதைக் கீழே வைக்கவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு, மேயர் அலுவலகத்துக்கு வழி கேட்டபடி தெருவில் நடந்தார்கள்.