கிளை வருது, குனிஞ்சுக்கம்மா

காய்ச்சலுக்குப் பயந்து அரசு தடை போட்டதால், பிச்சாவரத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது நின்று மூன்று வருடமாகிறது. அவர்கள் வீட்டிலிருந்தே பார்ப்பதற்காகக் காத்தவராயன் தினமும் துடுப்புப் போட்டார். படகில் ஆள் உட்காரும் பலகையில் ஒரு கேமரா இருந்தது. சுரபுன்னைக் காட்டைப் பற்றிய விளக்கத்தையும் அதுவே சொல்லிவிடும். படகோட்டி வாய் திறக்கக் கூடாது.

இன்று தடை நீங்கி, முதல் ஆளாக ரோஸ்லின் வந்தாள். கேமராவைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையில் அவளை உட்காரவைத்தார். வழக்கம்போல ஒன்றும் பேசாமல் குறுகிய வாய்க்காலுக்குள் படகை விட்டார். தாழ்ந்திருந்த கிளை ஒன்று அவள் நெற்றியில் அடித்தது.

"ஐயோ! குனியச் சொல்லக் கூடாதாண்ணே?"

அவர் பதறிப்போய்த் துடுப்பை நிறுத்தினார். "மன்னிச்சிடும்மா. முன்னெல்லாம் நாளைக்கு நூறு தடவ சொல்லுவேன். கேமராவுக்கு எதுக்குன்னு விட்டுப்போச்சு."

அதன்பின் ஒவ்வொரு கிளைக்கும் சொன்னார். வாய்க்கால் முடிந்து, தலைக்கு மேலே வானம் மட்டுமே இருந்த அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.

"கிளை வருது, குனிஞ்சுக்கம்மா."

ரோஸ்லின் அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்தாள்.